மெஷின் நின்ற பிறகு

பாளையங்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்தாறு.

சீடர் பெயர் தேவநேசன். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டிக் கட்டிய கார் ஷெட்டுக்குக் கடைசிவரை கார் வரவில்லை. ஓய்வு பெற்ற மாதமே அதில் ஓர் அறுப்பு மெஷினும், உப்புத்தாள் மாட்டித் தேய்க்கிற மெஷினும், உளி, இழைப்புளி வகையறாக்களும் வந்து இறங்கின. மர வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார்.

"நல்லதுதான். நாள் பூரா என்னைத் திருத்திக்கிட்டு இருக்காம இருந்தா சரி" என்றாள் மனைவி எமிலி.

குரு பெயர் கொம்பையா. ஒரு கதவுப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் தச்சு வேலை பார்த்துவிட்டு, காரணம் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டவர்.

இருவரும் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு மரக்கடையில். தேவநேசன் ஒரு தேக்குப் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினால் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாரும் தட்டினார்கள், அவரும் தட்டினார். பக்கத்தில் ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கொம்பையா சொன்னார்:

"அது வேண்டாம்."

"ஏன்?"

கொம்பையா பதில் சொல்லவில்லை. பலகையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். 'பொறுங்க' என்பதுபோல் ஒரு கையைத் தூக்கினார்.

கேட்ட உடனே பதில் சொல்லாத பையனுக்குப் பதில் தெரியாது என்பது வாத்தியார்களின் கணக்கு. தேவநேசன் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாலாம் நாள் அது நீளவாட்டில் வெடித்தது.

மறுநாளே கொம்பையாவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நீங்கதான் எனக்கு ஆசான்."

கொம்பையாவை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சனிக்கிழமை வாரேன்" என்றார்.

அன்றைக்கே தேவநேசன் ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் சிவப்பு மையால் 'ஆசான் மொழி' என்று எழுதினார்.

மரியாதை வந்துவிட்ட கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் மரியாதைதான். கொம்பையா பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருகிற அந்தச் சின்னத் தெருவில் மூன்று இடத்தில் நிற்பார். ஒரு மதில் சுவர், ஒரு செம்பருத்திச் செடி, ஒரு மின்கம்பம். ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். 'நாமெல்லாம் எதையும் பார்க்காமல் நடக்கிறோம், இவர் ஒரு செடியைக்கூட விடுவதில்லை' என்று தேவநேசன் வாசலில் நின்றபடி உருகிப்போவார்.

கொம்பையா ஷெட்டுக்குள் வரமாட்டார். வெளியே முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஷட்டர் வழியாகப் பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். அது குருவின் இடம் என்று தேவநேசன் எடுத்துக்கொண்டார். நடுநடுவே கொம்பையா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சட்டைப் பையில் கைவிட்டு, தலை குனிந்து சற்று நேரம் நிற்பார். ஜெபம் என்று நினைத்தார் தேவநேசன். தொந்தரவு செய்யாமல் மெஷினை நிறுத்திவிட்டுத் தாமும் தலை குனிந்து நிற்பார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் கொம்பையா, "படுத்துத் தூங்கி ரெண்டு வருசமாச்சு" என்றார். தேவநேசனுக்கு மெய்சிலிர்த்தது. நோட்டில் எழுதினார்.

எல்லாவற்றையும்விட அவரைக் கவர்ந்தது அந்தச் சுருக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு பருவக்காற்றை மூன்று பீரியடு நடத்தியவர் அவர். கொம்பையாவோ எதையும் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் நீட்ட மாட்டார்.

"ஆசானே, என் பலகை ஏன் கோணிக்குது?"

"காயல."

நோட்டில் ஏறியது: 'காயாதது கோணும்.'

"இழைப்புளி ஏன் குதிக்குது?"

"தள்ளாதீய."

நோட்டில் ஏறியது: 'தள்ளாதே.' கீழே இரண்டு கோடு.

தூசியைப் பற்றிக் கேட்டது இரண்டாவது மாதத்தில். தேய்ப்பு மெஷின் ஓடினால் ஷெட் முழுவதும் மாவு மில்போல் ஆகிவிடும். பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியில் தூள் படிகிறது என்று புகார் வந்ததால், வேலை நடக்கும்போது தேவநேசன் ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதில் அவர் கறாரான ஆள். ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் போகிற சின்னக் கதவு மட்டும் திறந்தே கிடக்கும். கையில் காபி வர வேண்டுமே.

நல்ல மாஸ்க் ஒன்றும் வாங்கிவிட்டார். இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்தது. அதை மாட்டினால் தும்பிக்கை அறுந்த பிள்ளையார்போல் இருக்கிறது என்று எமிலி சிரித்தாள். ஆனால் மாட்டினால் வியர்த்து ஒழுகியது. அதனால்தான் கேட்டார்.

"ஆசானே, மாஸ்க்கை எப்போ கழட்டலாம்?"

"மெஷின் நின்ன பொறவு" என்றார் கொம்பையா. கையைத் தூக்கினார். கூரை இல்லாததால் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

தேவநேசன் நோட்டை எடுத்தார். ஏழாம் எண் போட்டார். 'மெஷின் நின்ற பிறகு' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். என்ன ஒரு தெளிவு! நோட்டை மூடி, ஸ்விட்சைப் போட்டார். மெஷின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து அதை அவர் ஒருநாள்கூட மீறவில்லை. மெஷின் ஓடுகிறவரை மாஸ்க் முகத்தில். நின்ற நொடியில் மாஸ்க் ஆணியில். பலகையின் மேல் குனிந்து, கோடு தெரிய வாயால் ஊதுவார். ஊதியதைவிடப் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக்கொள்வார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "எமிலி, நின்னாச்சு" என்பார்.

எமிலி துடைப்பத்தோடு வருவாள்.

எமிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்ச் பாடகர் குழுவில் இருபத்தெட்டு வருடமாகப் பாடுகிறவள். பாட்டு முடிந்து ஆமென் வரும்போது மற்றவர்கள் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். எமிலி வாங்க மாட்டாள். ஒரே இழுப்பு. கல்யாணத்துக்கு முன்பு அந்த ஆமெனைக் கேட்டுத்தான் தேவநேசன் பெண் கேட்டுப் போனார். கைக்கடிகாரத்தில் பதினாறு நொடி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பார்ப்பார், பதினாறு. ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு பெருமை அவருக்கு அது.

ஷெட்டில் அவர் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்ததும் அவளுக்குத்தான். பாட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு. கால் கோணும், மறுபடி செய்வார். முகப்பு வழவழப்பு பத்தாது, மறுபடி தேய்ப்பார்.

எமிலி கீழே கிடக்கும் தூளைக் கூட்டுவாள். பெஞ்சைத் தட்டுவாள். அவருடைய சட்டையை வாசலில் உதறி ஊறப்போடுவாள். முதலில் பாடிக்கொண்டே செய்தாள். கொஞ்ச நாளில் பாட்டு நின்று தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் வந்தது.

"சளி" என்றாள்.

"சளிதான்" என்றார் அவரும். "முப்பத்து நாலு வருசம் சாக்பீஸ் தூளைத் தின்னவன் நான். எனக்கு என்ன ஆச்சு?"

அந்தக் கிறிஸ்துமஸில் ஆமென் பதினொன்றில் அறுந்தது. பாடகர் குழுவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேவநேசன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தின் மேல்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

ஈஸ்டருக்குள் ஏழு. குழுத் தலைவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கக்கா என்று. எமிலி அன்று வீட்டுக்கு வந்து, பாட்டுப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை, முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்த கொம்பையா திடீரென்று தலையைத் திருப்பினார். வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம்.

"யாரு?"

"எமிலி. சளி, ஆசானே."

கொம்பையா காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு தச்சன் மரத்தைத் தட்டிக் கேட்பதுபோல் கேட்டார். அவர் முகம் மாறியது.

"சளி இல்ல. அக்கா ஷெட்டுக்குள்ள..."

அவர் முடிப்பதற்குள் தேவநேசன் சொன்னார்: "மெஷின் ஓடும்போது விடுறதே இல்ல ஆசானே. கண்டிப்பா. ஒருநாள்கூட இல்ல."

பொய் இல்லை. அத்தனையும் உண்மை. கொம்பையா அந்த உண்மையை நம்பி, தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனதால்தான் அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை கொம்பையா தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்தார்.

தேவநேசன் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே துடைப்பச் சத்தம். இருமல். மறுபடி துடைப்பச் சத்தம்.

"உள்ள யாரு?"

"எமிலிதான். பெருக்குறா."

"மெஷின்?"

"நின்னாச்சு ஆசானே" என்றார் தேவநேசன், சொன்னபடி செய்த மாணவனின் முகத்தோடு. "அஞ்சு நிமிசம் ஆச்சு."

எட்டு மாதமாக அந்த ஷெட்டுக்குள் கால் வைக்காத மனிதர் குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தார். நிமிர்ந்து, இரண்டு கையாலும் ஷட்டரை மேலே தள்ளினார். காலை வெயில் உள்ளே விழுந்தது.

தரை பாதி சுத்தமாக இருந்தது. ஆனால் எமிலிக்கும் வாசலுக்கும் நடுவே வெயில் விழுந்த இடமெல்லாம் மரம் நின்றுகொண்டிருந்தது. பொடியாக, மஞ்சளாக, விழவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல். எமிலி அதன் நடுவில் துடைப்பத்தோடு நின்றாள். அவள் கண் இமையில்கூட இருந்தது. எட்டு மாதமாகத் தாம் எதற்குள் அவளை அனுப்பினோம் என்பதைத் தேவநேசன் அப்போதுதான் பார்த்தார். பார்க்காமல் செத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கொம்பையா அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினார்.

"அக்கா. வெளிய."

மூன்றாவது வார்த்தை வரவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. தேவநேசனும் எமிலியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் சாய்ந்துகொண்டு, சட்டைப் பையைக் காட்டினார். எமிலி கைவிட்டு எடுத்தாள்.

ஜெபமாலையோ சிலுவையோ இல்லை. நீல நிற இன்ஹேலர்.

அவர் அதை வாயில் வைத்து இழுத்தார். தலை குனிந்து, அசையாமல், சற்று நேரம். தேவநேசனுக்கு அந்த நிலை நன்றாகத் தெரிந்த நிலை. கூடவே தலை குனிந்து நின்றிருக்கிறாரே, எத்தனை சனிக்கிழமை!

அரை மணி கழித்துக் கொம்பையா கேட்டார்:

"எத்தன மாசமா?"

"ஆரம்பத்துல இருந்தே."

கொம்பையா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்கதானே சொன்னீங்க ஆசானே" என்றார் தேவநேசன். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. விளங்காத குரல். "மெஷின் நின்ன பிறகுன்னு."

கொம்பையா அவரைப் பார்த்தார். அப்போது அவருக்கு மூச்சு இருந்தது. இருந்தும் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை தேவநேசன் எமிலியை டாக்டரிடம் கூட்டிப்போனார். மூச்சை அளக்கிற மெஷினின் குழாயைக் கையில் கொடுத்து, இழுத்து ஊதச் சொன்னார்கள்.

"ஊதுங்கம்மா. இன்னும். இன்னும். விடாதீங்க. இன்னும்."

எமிலி விட்டுவிட்டாள். மூன்று தடவை ஊதினாள். மூன்று தடவையும் அந்த மெஷினுக்குப் போதவில்லை. பதினாறு நொடி ஆமென் பிடித்தவள், முகம் சிவந்து, கண்ணில் நீர் கோர்த்து, குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசி வேலை ஏதாவது செய்றீங்களா?" என்றார் டாக்டர்.

"நான் எங்க செய்றேன்?" என்றாள் எமிலி. "பெருக்குவேன், அவ்வளவுதான்."

டாக்டர் தேவநேசன் பக்கம் திரும்பினார். "முதல்ல அதை நிறுத்துங்க. மருந்து குடுக்குறேன். கொஞ்சம் திரும்பி வரும்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம். எல்லாம் வராது சார்."

வீட்டுக்கு வந்து தேவநேசன் ஷெட்டைப் பூட்டினார். சமையலறைக் கதவின் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். எமிலி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த ஸ்டாண்ட எதுக்குப் பாதியில விடுறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் முற்றத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.

கொம்பையா அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தேவநேசன் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

கொம்பையா கட்டிலில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மேசையில் இரண்டு தலையணையைப் போட்டு அதன்மேல் சாய்ந்திருந்தார். படுத்துத் தூங்காத தவம் என்று தேவநேசன் எழுதி வைத்தது அதுதான். மூக்கில் மெல்லிய குழாய் ஒன்று போயிருந்தது. தேவநேசனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"அக்கா?"

"மருந்து எடுக்கிறா. கொஞ்சம் பரவாயில்ல."

"பாடுதாங்களா?"

தேவநேசன் இல்லை என்று தலையாட்டினார்.



"உங்களுக்கு இப்படி இருக்குன்னு ஏன் ஆசானே சொல்லல?"

கொம்பையா தலையணையின் உறையை நீவிக்கொண்டிருந்தார்.

"பட்டறையில... மூச்சு இல்லாதவன்னு நிப்பாட்டுனாங்க. நீங்க ஆசான்னு கூப்பிட்டீய."

மூச்சு வாங்கினார்.

"நல்லா இருந்துச்சு."

தேவநேசன் நோட்டைத் திறந்தார். ஏழாம் எண்ணில் விரலை வைத்தார்.

"மெஷின் நின்ன பிறகு" என்று படித்தார். "இதுக்கு மிச்சம் உண்டா, ஆசானே?"

கொம்பையா கையைத் தூக்கினார். கூரையைப் பார்த்தார்.

இந்தத் தடவை தேவநேசன் காத்திருந்தார். பேனாவைத் திறக்கவில்லை. கொம்பையாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் கால்வட்டம் போனது. அரைவட்டம் போனது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"மெஷின் நின்ன பொறவு" என்றார் கொம்பையா. மூச்சு. "ஒரு மணி நேரம் கழட்டாதீய." மூச்சு. "கண்ணுக்குத் தெரியுற தூள் உடனே விழுந்துரும்." மூச்சு. "தெரியாதது நின்னுகிட்டே இருக்கும். அதுதான் உள்ள போறது." நீண்ட மூச்சு. "ஷட்டரைத் திறந்து வையுங்க. வீட்டுக் கதவ அடையுங்க. பெருக்காதீய, ஈரத்துணியால தொடைங்க." மறுபடி மூச்சு. "அக்காவ உள்ள விடாதீய."

அவ்வளவையும் சொல்லி முடித்து, தலையணையில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு ஏறி இறங்கியது.

தேவநேசன் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, யாரிடம் கேட்கிறோம் என்பதே தெரியாதவர்போல் கேட்டார்:

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஆசானே."

கொம்பையா நெற்றியைத் தூக்கவில்லை.

"சொல்லத்தான் வந்தேன் சார். மூச்சு திரும்பி வாரதுக்குள்ள நீங்க நோட்ட மூடிட்டீய."